பதினெட்டு மணி நேரம்

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, குதிகால் தரையில் படாமல் எம்பி நின்று, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார். போகவில்லை. நெஞ்சுக்கு நடுவே, சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு நேர் பின்னால், அது கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு வாய் ரொட்டி. பாலில் ஊறவைத்து, முப்பது தடவை மென்ற ரொட்டி. பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். தண்ணீரும் அதன் மேலேயே போய் நின்றது.

வெளியே எடைமேடையில் ஏறி நின்ற லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சரண்டர் சார், போலீஸ் யாரும் வரலையே. கைய இறக்கிட்டு வண்டிய எடை போடுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர் கத்தினார். "தவம் பண்றாருப்பா, கலைக்காத. சாபம் விட்டுடப் போறாரு."

பதில் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் எது மேலே வரும் என்று அவருக்கே தெரியாது. ஒரு விரலை மட்டும் காட்டினார். முதுகைச் சுவரில் இரண்டு முறை இடித்தார். இன்னொரு மடக்குத் தண்ணீர். உள்ளே எங்கோ ஒரு சின்ன அசைவு, பிறகு சுருக்கென்று ஒரு வலி, பிறகு ஒன்றுமில்லை. இறங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு எண்களைப் பார்த்துச் சீட்டை அடித்து நீட்டினார்.

"இருபத்தொன்பதாயிரத்து நானூத்து அறுபது. அடுத்த வண்டிய ஏத்துங்க."

மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கூடையின் அடியில், பழைய சீட்டுகளுக்குக் கீழே தள்ளினார். டப்பா காலியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

முப்பத்தொரு வருஷமாக அதே அறை, அதே நாற்காலி. வண்டி வரும்போது காலி எடை, போகும்போது பார எடை. தகடு முனகுகிற சத்தத்தை வைத்தே வண்டியில் இருப்பது மணலா, மரமா, பழைய இரும்பா என்று சொல்லிவிடுவார். அந்த மேடை சின்ன விஷயங்களைக் கண்டுகொள்ளாது. எண் இருபது இருபதாகத்தான் ஏறும், இருபது இருபதாகத்தான் இறங்கும். வண்டி இல்லாத நேரத்தில் அவரே போய் மேடையின் நடுவில் நின்று, கண்ணாடிக்குள் தெரியும் எண்ணை எட்டிப் பார்ப்பார். நான்கு வருஷத்துக்கு முன்னால் எண்பது காட்டியது. பிறகு வெகுநாள் அறுபது. போன மழைக்காலத்தில் ஒரு காலையில் நாற்பது. ஒரே நாளில் இருபது கிலோ காணாமல் போயிருந்தது. மிஷினில்தான் கோளாறு என்று, வந்த முதல் லாரியை இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மிஷினில் கோளாறு இல்லை. லாரிக்காரர்தான் திட்டிவிட்டுப் போனார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. இந்த நான்கு வருஷத்தில் அவர் யாருக்கும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கல்யாண வீடுகளில் மொய் எழுதிய கையோடு செருப்பைத் தேடுவார். "சாப்பிட்டாச்சா?" என்று யார் கேட்டாலும் "இப்பதான்" என்பார். வீட்டில் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். அங்கே கையைத் தூக்கலாம், சுவரில் இடிக்கலாம், வந்ததைத் துப்பலாம். படுத்தால் உள்ளே நின்றது தொண்டைக்கு வந்து மூச்சு அடைக்கிறது என்று தூக்கமும் நாற்காலியிலேயே. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து போய், காலையில் அதை இரண்டு கையாலும் பிடித்து நேராக்க வேண்டியிருக்கும்.

மனைவிக்கு அது மானப் பிரச்சினை. அவள் குழந்தைகள் காப்பகத்தில் சாப்பாடு ஊட்டுகிறவள். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை, ஒரு வேளைக்குப் பதினான்கு வாய். துப்புகிறது, கன்னத்தில் ஒதுக்குகிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறது என்று எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் பார்த்தவள். எந்தக் குழந்தையும் அவள் கையிலிருந்து அரை வயிற்றோடு வீட்டுக்குப் போனதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவளுடைய பெயர்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் என் கையால குண்டாகுது. என் வீட்டு மனுஷன் மட்டும் துணி காயப் போடுற கொடி மாதிரி நிக்கிறாரு. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க? பொண்டாட்டி கொடுமைன்னு நினைப்பாங்க."

"இந்த வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல. பேசுறதுக்குத் திறக்குது, திங்கறதுக்குத்தான் மூடிக்குது."

முதல் இரண்டு வருஷம் வாயுத் தொல்லை என்று மாத்திரை. அப்புறம் புளிப்பு மேலே வருகிறது என்று வேறு மாத்திரை. மூன்றாம் வருஷம் ஒரு டாக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மனைவியை மட்டும் தனியே அழைத்து எதையோ சொன்னார். அவள் முகம் வெளுத்துப்போய் வந்தாள். குழாயை விட்டுப் பார்த்ததில் கட்டி எதுவும் இல்லை என்றார்கள். அன்றைக்கு அவள் காப்பகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். அவர் பின்கட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கட்டி இல்லை என்பதால் ரொட்டி இறங்கிவிடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது அதன் பிறகுதான். மூக்கு வழியாக மெல்லிய ஒயரை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார்கள். அளக்கிற வேலை என்பதால் அவர் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாள் சுண்ணாம்புக் கரைசல் போன்ற மருந்தைக் குடிக்கவைத்து நிற்கவைத்தே படம் எடுத்தார்கள். படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் மாட்டினார். நனைந்து தொய்ந்த காலுறை மாதிரி ஒன்று வெள்ளையாகத் தொங்கியது; அடியில் பென்சில் முனை அளவுக்குக் கூர்ந்து நின்றது.

"இது உங்க உணவுக்குழாய். இது வயித்துல போய்ச் சேர்ற இடத்துல ஒரு தசை வளையம் இருக்கு. நாம முழுங்கினா அது தானா திறக்கணும். உங்களுக்குத் திறக்கிறதில்ல. ஏன்னு கேக்காதீங்க, சரியான காரணம் எங்களுக்கும் தெரியாது. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல."

"மாத்திரை?"

"பெருசா உதவாது. வயித்துல அஞ்சு சின்ன ஓட்டை போட்டு, கேமரா வெச்சு, அந்த வளையத்த மட்டும் நீளவாக்குல வெட்டிவிடணும். உள்தோல் கிழியாம."

"இந்த வயசுல தாங்குவாரா டாக்டர்?" என்றாள் மனைவி.

"வயசு பெரிய விஷயம் இல்லம்மா. இருபது வயசுப் பிள்ளைக்குப் பண்றதும் இதேதான், இவருக்குப் பண்றதும் இதேதான். பெரியவங்களும் நல்லா சாப்பிட ஆரம்பிச்சிடறாங்க. நான் பயப்படுறது நெஞ்சுக்கு. இவருக்குக் குழாய் விரிஞ்சு பை மாதிரி ஆயிடுச்சு பாருங்க. சாப்பிட்டது அதுல நாள்கணக்குல கிடக்கும். மயக்கம் குடுக்கும்போது அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடக் கூடாது."

மனைவி காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு 'நல்லா சாப்பிட ஆரம்பிச்சிடறாங்க' என்பது வரைதான் காதில் விழுந்தது. அவருக்கு எல்லாமே விழுந்தது.

தேதி ஐந்து மாதம் தள்ளிக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் பேசினாள். நாளையிலிருந்து தெளிந்த நீர் மட்டும். தண்ணீர், வடிகட்டிய பழச்சாறு, பால் கலக்காத டீ. பால் கூடாது, கஞ்சி கூடாது, மசித்தது எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வந்து படுக்க வேண்டும். மனைவி ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றாள்.

சனிக்கிழமை மதியம் அவள் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். உருளைக்கிழங்கு, கேரட், ரொட்டி மூன்றையும் குழைய வேகவைத்து, மசித்து, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டியிருந்தாள். கரண்டியில் எடுத்து ஊற்றிக் காட்டினாள். நூல் மாதிரி இறங்கியது.

"பாருங்க, ஒரு பொட்டுக் கட்டி இல்ல. ஆறு மாசக் குழந்தைக்குக் குடுக்கலாம்."

"வேண்டாம்னு சொன்னாங்களே."

"சொல்லுவாங்க. மூணு நாள் பச்சத் தண்ணியக் குடிச்சிட்டு இந்த உடம்பு கத்திக்குக் கீழ படுக்குமா? எழுந்திரிக்க வேண்டாமா? திங்கட்கிழமை ரெண்டு மணியோட நிறுத்திடுறேன். அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமை எட்டு மணி. பதினெட்டு மணி நேரம்! எங்க பிள்ளைங்களுக்கு மூணு மணி நேரத்துல எல்லாம் கரைஞ்சுபோய் மறுபடி பசின்னு அழும்."

டம்ளரை நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். காப்பகத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் திறப்பதற்காக அரை மணி நேரம் அசையாமல் நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். வாங்கிக் குடித்தார்.

இறங்கியது. கையைத் தூக்காமல், முதுகை இடிக்காமல், ஒரு டம்ளர் முழுக்க இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. அதை அவள் பார்த்துவிட்டாள். முகம் பூத்துப்போய் உடனே இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள்.

எங்கே போய் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மூன்றாவது பொத்தானுக்குப் பின்னால், கொஞ்சம் இடதுபுறமாகச் சாய்ந்து. எடை அவருக்குத் தெரியும். சாயங்காலம் குடித்த தண்ணீர் கூழின் மேலே போய் நின்றது, தண்ணீர் மட்டும் மெல்லக் கசிந்து கீழே போனது, கூழ் அப்படியே இருந்தது. காலையில் இன்னொரு டம்ளர்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. ஆண்கள் வார்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் நடுவே நீளமான நடை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். படுக்க முடியாதவர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு இருக்கும், கன்னம் ஒட்டிப்போய், கையில் தண்ணீர் பாட்டில். செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள் என்றாள். அவளுக்கும் அதே வியாதி, அதே டாக்டரம்மா, அதே செவ்வாய்க்கிழமை.

"நீங்க எப்படி இறக்குவீங்க அங்கிள்?"

"கையத் தூக்குவேன். சுவத்துல இடிப்பேன்."

"நான் குதிப்பேன். ஃபிரெண்டு கல்யாணத்துல பாத்ரூமுக்குள்ள குதிச்சிட்டிருந்தேன். வெளியில நின்னவங்க, உள்ள தனியா டான்ஸ் ஆடுதுன்னு நினைச்சிட்டாங்க."

அவர் நெடுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். சிரித்ததில் உள்ளே இருந்தது அசைந்தது. உடனே நிறுத்திக்கொண்டார்.

"எனக்குப் புத்துநோயின்னு நினைச்சாங்கம்மா."

"பெரிய மனுஷனுக்குப் பெரிய வியாதி. என்னைப் பைத்தியம்னுட்டாங்க அங்கிள். ஒல்லியாகணும்னு வேணும்னே வாந்தி எடுக்குறேன்னு ரெண்டு வருஷம் மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அவரு எங்கிட்ட கேட்டாரு, 'கண்ணாடியில உன்னப் பாத்தா என்ன தோணுது?' நான் சொன்னேன், 'பசிக்குது டாக்டர்.'"

அவளுடைய அம்மா அந்தப் பக்கத்திலிருந்து, "சும்மா இரேன்டி, தெம்பு போகுது," என்றாள்.

"ரெண்டு நாளா வெறும் தண்ணி அங்கிள். அம்மா அழுதா அதையும் குடிச்சிடலாம்போல இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு எட்டு மணிக்கு. வயசானவங்க முதல்லன்னு சொன்னாங்க. உங்களுது சீக்கிரம் முடிஞ்சா அன்னிக்கே எனக்கும். இல்லன்னா அடுத்த செவ்வாய். சீக்கிரம் முடிச்சிட்டு வந்துடுங்க."

"என் கையிலயா இருக்கு?"

"சும்மா சொல்லி வைக்கிறேன்."

திங்கட்கிழமை இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனைவி பிளாஸ்க்கோடு வந்தாள். அந்தப் பெண் பிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"அதுல என்ன ஆன்ட்டி?"

"வெந்நீர்மா," என்றாள் மனைவி. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவள் ஒரு பொய்யை இத்தனை சுலபமாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. வார்டுக்குள் போய், திரையை இழுத்துவிட்டு, மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.

"போதும்."

"கடைசி. இதோட சரி. எட்டு மணிக்கு நீங்க தெம்பா இருக்கணும்ல? ஒரே ஒரு வாய். எனக்காக."

சாயங்காலம் நர்ஸ் காகிதத்தோடு வந்தாள். பெயர், ரத்த வகை, கட்டிய பல் உண்டா, மோதிரம் உண்டா. பிறகு, "மூணு நாளா தெளிஞ்ச தண்ணி மட்டும்தானே?"

"தண்ணிதாம்மா," என்றாள் மனைவி.

நர்ஸ் அவரைப் பார்த்தாள். சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். சொல்லிவிடலாம். சொன்னால் தேதி போய்விடும். ஐந்து மாதம். இன்னும் ஐந்து மாதம் நாற்காலியில் தூங்க அவரால் முடியும் என்று தோன்றவில்லை. சொன்னால் இந்த நர்ஸ், வார்டு முழுக்கக் கேட்க, மனைவியை நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். ஒருவேளை மனைவி சொல்கிற பதினெட்டு மணி நேரம் சரியாகவும் இருக்கலாம். ராத்திரிக்குள் கரைந்துவிடலாம். யாருக்குத் தெரியும்?

"ஆமாம்மா," என்றார்.

நர்ஸ் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

காலையில் பச்சை உடுப்பு மாட்டி, தள்ளுகட்டிலில் சாய்ந்த வாக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். மனைவி கதவு வரைக்கும் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உள்ளே குளிர். மயக்க டாக்டர் இளவயதுக்காரர், நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"பெரியவரே, மயக்கத்துக்கு முன்னாடி ஒரு குழாய விட்டு உள்ள ஏதாவது இருக்கான்னு உறிஞ்சிப் பாத்துடுவோம். உங்க வியாதிக்காரங்களுக்கு இது வழக்கம். முழிச்சுக்கிட்டேதான் இருக்கணும், கொஞ்சம் சிரமம். கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

"தண்ணி."

மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்தார்கள். குழாய் சுண்டுவிரல் தடிமன். தொண்டையைத் தாண்டும்போது "முழுங்குங்க, முழுங்குங்க," என்றார் டாக்டர். அவர் முழுங்கினார். பக்கத்தில் இருந்த மிஷின் உறுமியது. சுவரோரம் கண்ணாடி ஜாடி ஒன்று, பக்கவாட்டில் கோடுகளும் எண்களும் போட்டது. முதலில் தண்ணீர் வந்தது. பிறகு வெள்ளையாக, கூழாக, நடுநடுவே ஆரஞ்சு நிறத்தில். நூறு. இருநூறு. அவர் கண் எண்களை விட்டு நகரவில்லை. முந்நூற்றைம்பது. அறையில் இருந்த எல்லோரும் ஜாடியைப் பார்த்தார்கள்.

"இது கேரட்," என்றாள் ஒரு நர்ஸ்.

"பெரியவரே, என்ன இது?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். குழாயின் பக்கவாட்டில் ஒரு பெரிய கூழ்க் கட்டி மேலே எழும்பியது. தொண்டை நிறைந்தது. மூச்சை இழுத்தார், இழுத்திருக்கக் கூடாது. இருமல் வந்தது, அதன் பிறகு இருமவும் காற்று இல்லை. யாரோ அவர் தலையைக் கீழே அழுத்தினார்கள், யாரோ முதுகில் அடித்தார்கள், ஒரு மிஷின் வேகவேகமாகக் கூவியது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கை தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தது. அதைத் தவிர வேறு எதுவும் அவர் வசத்தில் இல்லை.

மறுபடி மூச்சு வந்தபோது முகத்தில் முகமூடி இருந்தது. டாக்டரம்மா கையுறையோடு பக்கத்தில் நின்றிருந்தார். ஜாடியில் அறுநூற்றைம்பது.

"எப்பக் குடிச்சது?"

விரல்களைக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"மூணு நாளாவா?"

தலையை ஆட்டினார். டாக்டரம்மா திட்டவில்லை. கையுறையைக் கழற்றி, வாளியில் போட்டு, "நெஞ்சுப் படம் எடுங்க. இன்னிக்கு இல்ல. அந்தப் பொண்ணத் தயார் பண்ணுங்க," என்றார்.

தள்ளுகட்டில் வெளியே வந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. நாற்காலியில் இருந்த மனைவி துள்ளி எழுந்தாள். கையில் மடித்த துண்டு, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? நான்தான் சொன்னேன்ல, தெம்பு இருந்தா எல்லாம் சட்டுன்னு முடியும்னு. ஏங்க, வலிக்குதா?"

முகமூடிக்குள் அவர் எதையோ சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்த பிளாஸ்டிக்கில் ஆவி படிந்ததே தவிரக் குரல் வெளியே வரவில்லை. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். மறுபடியும் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள், குழந்தைகளுக்கு ஆட்டுகிற மாதிரி.

டாக்டரம்மா பின்னால் வந்தார். நின்றபடியே சொன்னார். சுருக்கமாக, சத்தம் போடாமல்.

"பதினெட்டு மணி நேரம் ஆச்சே டாக்டர்," என்றாள் மனைவி. "ரெண்டு மணியோட நிறுத்திட்டேனே."

"வயித்துக்குப் போயிருந்தாத்தானம்மா மணிக்கணக்கு? அது வயித்துக்கே போகல. கொஞ்சம் நுரையீரலுக்குப் போயிருக்கு. காய்ச்சல் வரும். ஆறு வாரம் கழிச்சுப் படம் எடுத்துப் பாக்கலாம். நெஞ்சு தெளிஞ்சா அப்பப் பேசலாம்."

"தெளியலன்னா?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிர் வார்டிலிருந்து அந்தப் பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையில் பச்சைத் தொப்பி. அவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள், பிறகு முகமூடியையும் மனைவியின் முகத்தையும் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். கட்டில்கள் ஒன்றையொன்று தாண்டின. கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது.

மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் ஏறியது. மனைவி ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். முகமூடியைக் கழற்றி மூக்கில் சின்னக் குழாய் வைத்த பிறகு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அது போகலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உள்ளயே நிக்குதுன்னு தெரியும்."

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன, ராட்சசியா? வாய்க்குள்ள திணிச்சனா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"நீ வந்து நின்ன," என்றார்.

அவள் தன் வலதுகையை மடியில் வைத்து இடதுகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தப் பெண்ணின் அம்மா யாரிடமோ போனில், "நல்லபடியா முடிஞ்சிடுச்சு, நல்லபடியா முடிஞ்சிடுச்சு," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே வார்டு வாசல்வரை வந்தவள் இவர்களைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

மறுநாள் புதன்கிழமை. காய்ச்சல் நூற்றொன்றில் நின்றது. ஏழு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். எட்டரைக்கு மறுபடி நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வலதுபக்கம் கீழே வெள்ளையாக இருந்தது. ஒன்பதரைக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை, கேமரா வைத்துப் பார்த்து, அந்த வளையத்தைத் தாண்டி வயிறுவரை விட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். பாலை எப்படி ஊற்ற வேண்டும், எத்தனை மில்லி, ஊற்றிய பிறகு எவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று நர்ஸ் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாள். மனைவி எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, எழுதியதை நர்ஸிடம் படித்துக் காட்டி, சரியா என்று இரண்டு முறை கேட்டாள். முதல் தடவை ஊற்ற அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நர்ஸே ஊற்றினாள்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணைப் படம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். வெள்ளை மருந்து நேராக இறங்கியது என்றார்கள். ஒரு மணிக்கு அவள் அரை டம்ளர் சூப் குடித்தாள். இரண்டு மணிக்கு மனைவி காப்பகத்துக்கு போன் பண்ணி இந்த வாரம் வரவில்லை என்றாள். மூன்று மணிக்கு ஆறு வாரம் கழித்து ஒரு தேதி போட்டுச் சீட்டு கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கான தேதி அல்ல, படம் எடுக்கும் தேதி. அதற்கு எதிரே 'பிறகு முடிவு செய்யப்படும்' என்று எழுதியிருந்தது. அவர் கட்டிலின் தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு இரண்டாம் தடவை பால் ஊற்றினார்கள். அதையும் நர்ஸ்தான் ஊற்றினாள்.